சாணைக்கல் கேள்வி பதில்: பானையைப் போலத் தட்டிப் பாருங்கள்

கேள்வி: அரைக் குதிரைத்திறன், 6 அங்குல பெஞ்ச் கிரைண்டர் (மேசையில் பொருத்தும், இருபுறமும் கல் உள்ள சாணை மெஷின்) புதிதாக வாங்கியிருக்கிறேன் சார். பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே ஓட்டலாமா?

வேண்டாம். முதலில் இரண்டு கல்லையும் கழற்றுங்கள். வண்டியில் வரும்போது விழுந்து விரிசல் விட்டிருக்கலாம், அது கண்ணுக்குத் தெரியாது. நடு ஓட்டையில் விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டு, ஸ்குரூ டிரைவரின் மரக் கைப்பிடியால் மெதுவாகத் தட்டுங்கள். விளிம்பிலிருந்து ஓரிரு அங்குலம் உள்ளே, உச்சிக்கு இருபுறமும் சாய்வாகத் தட்ட வேண்டும். பிறகு கல்லைத் திருப்பி மறுபடியும். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பதைப் போலத்தான்: கணீரென்றால் நல்ல கல், 'டப்' என்றால் விரிசல். கல் ஈரமாக இருந்தாலும் சத்தம் மங்கும், அதனால் உலர வைத்துத் தட்டுங்கள். விரிசல் விட்ட கல்லை இரண்டாக உடைத்துப் போட்டுவிடுங்கள். ஓரமாக வைத்தால் வேறொருவர் எடுத்து மாட்டிவிடுவார்.

அடுத்து லேபிள். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இந்த வகை மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 2,850 சுற்று ஓடும். கல்லில் எழுதியுள்ள உச்சச் சுற்று அதைவிடக் குறைவாக இருக்கவே கூடாது. அந்த வேகத்தில் 6 அங்குலக் கல்லின் விளிம்பு மணிக்கு 80 கிலோமீட்டரில் போகிறது. உடைந்தால் துண்டுகளும் அதே வேகத்தில்தான் வரும்.

கேள்வி: இடது பக்க நட்டு எவ்வளவு அழுத்தியும் கழலவில்லை அண்ணே.

இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். இடது பக்கம் இடமரை, அதாவது வழக்கமான நட்டுக்கு (வலமரைக்கு) எதிர்த் திசையில் இறுகும் மரை. கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். வலமரை வைத்திருந்தால் கல் கிளம்பும்போது நட்டு தானாகத் தளர்ந்துவிடும்.

திரும்ப மாட்டும்போது கல்லின் இருபுறமும் அட்டை வாஷர் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் இரும்பு பிளான்ச் (கல்லை இருபுறமும் நெரித்துப் பிடிக்கும் வட்டத் தகடு) கல்லின் மேடுகளில் மட்டும் அழுத்தி விரிசல் உண்டாக்கும். இரண்டு பிளான்ச்சும் ஒரே அளவில், கல்லின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். கல்லைச் சுத்தியலால் தட்டி ஏற்றாதீர்கள். நட்டைக் கல் நழுவாத அளவுக்கு இறுக்கினால் போதும். கவசத்தை மூடி, கல்லுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று சுவிட்சைப் போட்டு, ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள்.

கேள்வி: டூல் ரெஸ்டுக்கும் (சாமானை வைத்துப் பிடிக்கும் தாங்கி) கல்லுக்கும் எவ்வளவு இடைவெளி?

3 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. மேலே உள்ள தீப்பொறித் தடுப்புத் தகடு 6 மில்லிமீட்டருக்குள். இடைவெளி கூடினால், பிடித்திருக்கும் சாமானைக் கல் உள்ளே இழுத்து ஆப்புபோல் செருகிக்கொள்ளும். கல் உடையும், விரலும் கூடவே போகும். கல் தேயத் தேய இடைவெளி வளரும் என்பதைத்தான் பட்டறைகளில் மறந்துவிடுகிறார்கள். மெஷின் முழுதாக நின்ற பிறகு மட்டுமே ரெஸ்டை நகர்த்துங்கள்.

கேள்வி: தச்சு உளியைச் சாணை பிடித்தால் முனை நீலம் பூத்துவிடுகிறது. பிறகு கூர் நிற்பதில்லை. ஏன்?

டெம்பர், அதாவது எஃகுக்குக் கொடுத்திருந்த கடினப் பதம், போய்விட்டது. கார்பன் எஃகு 300 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது நீலமாகும், அதற்குள் கடினம் குறைந்திருக்கும். தண்ணீரில் முக்கினாலும் திரும்ப வராது. நீலம் பட்ட பகுதி முழுவதையும் பொறுமையாகத் தேய்த்து எடுப்பதே வழி.

பெரும்பாலும் குற்றம் கல்லின் முகத்தில்தான், அதாவது சாமான் படும் விளிம்புப் பரப்பில். மழுங்கிப் பளபளப்பான கல் வெட்டாது, உரசிச் சூடேற்றும். டிரெஸ்ஸர் (கல்லின் முகத்தைச் சீவும் கருவி) போட்டுப் புது மணிகளை வெளியே கொண்டுவாருங்கள். உளிக்கு வெள்ளை அலுமினியம் ஆக்சைடு, 60 அல்லது 80 நம்பர் (மணியின் பருமன்), மென்மையான கிரேடு (மணிகளை இறுக்கமாகப் பிடிக்காத) கல் நல்லது. அழுத்தாமல், இடமும் வலமுமாக ஓட்டி, இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை தண்ணீரில் தொடுங்கள். விரல் பொறுக்காத சூடு வந்தால் அப்போதே எடுத்துவிட வேண்டும்.

எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டிரில் பிட் இதைவிட அதிகச் சூடு தாங்கும். ஆனால் பழுக்கக் காய்ந்ததைத் தண்ணீரில் போட்டால் நுண்விரிசல் விடும். எஃகைவிடக் கடினமான கார்பைடு முனைக்குப் பச்சை நிறச் சாணைக்கல்தான். சூடான கார்பைடு முனையைத் தண்ணீரில் முக்கவே கூடாது.

கேள்வி: அலுமினியம் பிடிக்கலாமா?

சாதாரணச் சாம்பல் நிறக் கல்லில் கூடாது. உருகிக் கல்லின் துளைகளை அடைத்துக்கொள்ளும்; அழுத்தம் கூடும், சூடேறும், கல் வெடிக்கலாம். அலுமினியத் தூளும் இரும்புத் துருவும் கலந்த குவியலில் தீப்பொறி விழுவதும் ஆபத்து. அரம் போடுங்கள்.

கேள்வி: கையுறை போட்டுக்கொண்டால் பாதுகாப்புதானே சார்?

இல்லை தம்பி. துணிக் கையுறையைக் கல் கவ்வினால் கையோடு இழுத்துவிடும். தோளில் துண்டு, தொங்கும் சட்டைக் கை எதுவும் வேண்டாம். சின்னச் சாமானை வைஸ் பிளையரில் பிடியுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, அதன் மேல் முகக் கவசம், இரண்டும் வேண்டும்.

கேள்வி: ஓடும்போது மேசையே அதிர்கிறது.

மெஷினை போல்ட் போட்டு மேசையில் இறுக்கியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அடுத்து நடு ஓட்டையின் பிளாஸ்டிக் புஷ் (ஓட்டையைத் தண்டின் அளவுக்குச் சரிசெய்யும் வளையம்) தளர்வா என்று பாருங்கள். கல்லின் அடிப்பாகம் தண்ணீரில் ஊறியிருந்தாலும் ஒருபக்கம் கனத்து அதிரும். எதுவும் இல்லையென்றால் கல் வட்டமாக இல்லை. நட்சத்திர டிரெஸ்ஸரின் (நட்சத்திர வடிவப் பல் சக்கரங்கள் உள்ளது) கொக்கி ரெஸ்டின் விளிம்பில் மாட்டும் அளவுக்கு ரெஸ்டைப் பின்னால் இழுத்து, கல்லின் முகத்தில் மட்டும் இடமும் வலமுமாக ஓட்டுங்கள். முடிந்ததும் ரெஸ்டை மறுபடி 3 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.