ஓடினான், ஓடினானாம்

அன்புள்ள அக்கா,

வணக்கம். டர்பனில், ஃபீனிக்ஸ் பகுதியில் இருக்கிறேன். வயது இருபத்தாறு. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்ததும் ஆயாவிடம் பேசிப் பழகியதும்தான் என் தமிழ். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ‘ஏஸ் அட்டர்னி’ என்ற வக்கீல் வீடியோ கேம் வரிசையில் எனக்கு மிச்சமிருந்த கடைசி கேமையும் முடித்தேன். மொத்தம் பத்து. கதாநாயகன் பெயர் ஃபீனிக்ஸ் ரைட் என்பதால், நம்ம ஊர் பெயராச்சே என்று விளையாட்டாகத் தொடங்கியது. மூன்று வருஷம் ஓடிவிட்டது. முடித்த ராத்திரி தூக்கம் வரவில்லை. பக்கத்து வீட்டில் வருஷக்கணக்காக இருந்தவர்கள் ஒரே நாளில் காலி செய்துகொண்டு போன மாதிரி இருந்தது. நண்பர்களிடம் சொன்னேன். ஒருத்தி, கடைசிப் பாட்டு வந்தபோது தானும் அழுததாகச் சொன்னாள். ஒருவன் மறுநாளே முதல் கேஸிலிருந்து திரும்ப ஆரம்பித்துவிட்டான். இன்னொருவன் கடைசிக் கேஸைத் தொடாமலே எட்டு மாதமாக வைத்திருக்கிறான், முடிந்துவிடும் என்ற பயத்தில்.

ஆயாவும் என்னோடு உட்கார்ந்து பார்ப்பார். சாட்சி பேசப்பேச நான் தமிழில் சொல்வேன். ‘அவன் கதவைத் திறந்துகிட்டு ஓடினானாம் ஆயா’ என்றால், ‘ஓடினானாமா? இவன் பாத்தானா, எவனாவது சொன்னானா?’ என்பார். முடிந்துவிட்டது என்றதும் அவருக்குக் கோபம். அம்மாவோ, ‘பொம்மைக்காக அழறியா’ என்கிறார்.

என் கேள்வி இதுதான். நிஜ கோர்ட்டில் பொய் இப்படி உடைவதில்லை என்று தெரியும். அப்படியானால் இத்தனை நாள் ஒரு பொய்யைத்தானா நேசித்தேன்? அந்தக் கேமில் வரும் ஜூரி (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) நம் நாட்டில் ஏன் இல்லை என்பதையும் சொல்லுங்கள்.

உங்கள் வாசகன்,
ஃபீனிக்ஸ், டர்பன்

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தில் என்னை நிறுத்தியது உன் ஆயா கேட்ட கேள்விதான். அதற்கு வருகிறேன்.

முதலில் ஜூரி. தென்னாப்பிரிக்காவில் ஜூரி முறையை 1969-ல் சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். அது இருந்த காலத்திலும் ஜூரியில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்கார ஆண்கள்தான். நம்மவர்கள் இழந்தது என்று பெரிதாக ஒன்றுமில்லை. இப்போது பெரிய வழக்குகளில் நீதிபதிக்குத் துணையாக, அசெசர்கள் என்று இரண்டு பேர் உட்காரலாம். நடந்தது என்ன என்ற விஷயத்தில் அவர்கள் இருவரும் ஒரு பக்கம் நின்றால் நீதிபதியின் கருத்து தோற்றுவிடும். இந்தக் கேம் பிறந்த ஜப்பானிலும் 1928-லிருந்து 1943 வரை ஜூரி இருந்தது. பிறகு 2009-லிருந்து பொதுமக்கள் நீதிபதிகளோடு சேர்ந்து உட்காரும் முறை வந்தது. அந்த நாட்டில் வழக்கென்று கோர்ட்டுக்குப் போனால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு மேல் தண்டனை உறுதி. 2001-ல் கேம் பாய் அட்வான்ஸ் கருவியில் வந்த முதல் ஆட்டத்தை அந்தப் பின்னணியில் வைத்துப் பார். ஷு தகுமி எழுதியது வக்கீல் கதைதான் என்றாலும், ‘இந்த ஆள் செய்யவில்லை’ என்று ஒருவர் எழுந்து நிற்பதே அங்கே அதிசயம்.

நானும் இதையெல்லாம் ஆடியவள். மகள் கேப் டவுனுக்குப் படிக்கப் போனபோது நின்டெண்டோவை வீட்டில் விட்டுப்போனாள். அவள் இல்லாத வீட்டில் அதை எடுத்தேன். பிறகு 2021-ல் ‘தி கிரேட் ஏஸ் அட்டர்னி’ ஆங்கிலத்தில் வந்ததும் அதையும் வாங்கினேன். அதை முடித்த அன்று, ரசத்துக்குப் புளி கரைத்தபடியே நின்றுவிட்டேன். ஆகவே உன் அம்மாவிடம் சொல், ஐம்பது தாண்டியவளும் அழுதாள் என்று.

கல்யாணமாகித் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து டர்பன் வந்தவள் நான். சில வருஷம், கூப்பிட்டால் போகும் தமிழ் மொழிபெயர்ப்பாளராகக் கோர்ட்டுகளில் வேலை பார்த்தேன். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரிகிற மொழியில் விசாரணை நடக்க வேண்டும், முடியாவிட்டால் அதை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பது நம் அரசியல் சட்டத்தின் 35-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அந்தச் சட்டத்தால்தான் எனக்கு வேலை கிடைத்தது. நீ மூன்று வருஷம் ஆயாவுக்குச் செய்ததும் அதே வேலைதான்.

முதல் கேஸை நினைத்துப் பார். சாட்சியின் பெயர் ஃப்ராங்க் சாவிட். ‘சா இட்’, பார்த்தேன் என்று காதில் விழும்படி ஆங்கிலத்தில் வைத்த பெயர். மத்தியானம் 1 மணிக்குப் பிணத்தைப் பார்த்தேன் என்கிறான். மணி எப்படித் தெரியும் என்றால் டிவியில் கேட்டேன் என்கிறான். அந்த நேரம் கட்டடத்தில் கரண்டே இல்லை. லோட் ஷெடிங்கில் வாழ்ந்த உன் ஆயாவுக்கு இதை யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை. உடனே சாட்சி பேச்சை மாற்றி, மேஜைக் கடிகாரத்தைப் பார்த்தேன் என்கிறான். அந்தக் கடிகாரமோ பார்வைக்கு வெறும் சிலை. அதன் தலையைச் சாய்த்தால் குரலில் மணி சொல்லும். குரலைக் கேட்டவனுக்குத்தான் அது கடிகாரம் என்றே தெரியும். அந்தச் சிலையால் அடித்துத்தான் கொலை நடந்தது; அடித்தபோது அது மூன்று மணி நேரம் பின்தங்கிய நேரத்தை, 1 மணி என்று, சொல்லியிருக்கிறது. கொலை நடந்த வீட்டுக்குள், கொலை நடந்த நொடியில் அவன் நின்றிருக்கிறான். கேட்டதைப் பார்த்தேன் என்று மாற்றிச் சொன்ன ஒரு வினைச்சொல்லில் மாட்டினான்.

ஆங்கிலத்தில் இந்த வித்தியாசத்தைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். தமிழில் அது வினையின் வாலிலேயே தொங்குகிறது. ஓடினான் என்றால் பார்த்திருக்கிறேன். ஓடினானாம் என்றால் யாரோ சொன்னார்கள். நீ யோசிக்காமலே ஒவ்வொரு சாட்சியையும் ‘ஆம்’ போட்டு ஆயாவிடம் சேர்த்திருக்கிறாய். ஆயா அந்த ‘ஆம்’-ஐப் பிடித்துக்கொண்டு குறுக்கு விசாரணை செய்திருக்கிறார்.

நான் ஒருமுறை அந்த ‘ஆம்’-ஐத் தவற விட்டேன்.

அடிதடி வழக்கு. சாட்சி வயதான அம்மா ஒருவர், சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ‘கடைக்காரர் பையனைக் கம்பால அடிச்சாராம்’ என்றார். கடைக்காரர் பையனைக் கம்பால் அடித்தார் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். வேகம். நான்கு மணி நேரமாக நின்றுகொண்டிருந்தேன், அதுவும் ஒரு காரணம். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். ‘நீங்கள் எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள்?’ அந்த அம்மா, ‘நான் வீட்லதானே இருந்தேன்’ என்றார், இதில் என்ன சந்தேகம் என்கிற முகத்தோடு. கோர்ட்டில் ஒரு சலசலப்பு. வக்கீல் மாஜிஸ்ட்ரேட்டைப் பார்த்துத் தலையை அசைத்தார். ஒரே வாக்கியத்தில் அந்த அம்மா பொய்சாட்சி ஆகிவிட்டார். அவர் பொய்யே சொல்லவில்லை. தான் பார்க்கவில்லை என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டார். அதை முழுங்கியது நான்.

கையைத் தூக்கினேன். மொழிபெயர்ப்பைத் திருத்த அனுமதி வேண்டும் என்றேன். குரல் நடுங்கியது. ஒரு தமிழ் விகுதியை ஆங்கிலத்தில் விளக்க எனக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. மாஜிஸ்ட்ரேட் பொறுமையாகக் கேட்டு, பதிவைத் திருத்தச் சொன்னார். பிறர் சொல்லக் கேட்டது என்பதால் அந்தச் சாட்சியம் வழக்குக்குப் பயன்படவில்லை. வராந்தாவில் அந்த அம்மா என் கையைப் பிடித்து, ‘நான் பொய் சொல்லலேன்னு சொல்லிட்டியாம்மா?’ என்று கேட்டார். வழக்கு என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை.

நீ மூன்று வருஷம் நேசித்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். அந்த விளையாட்டில் மேஜையில் அடித்துக் கத்துவது சில நொடிகள்தான். மீதி நேரமெல்லாம் முன்பின் தெரியாத ஒரு ஆளின் பேச்சை வாக்கியம் வாக்கியமாகத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். ஒவ்வொன்றையும் ‘ப்ரெஸ்’ செய்து, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறோம். அவ்வளவு கவனமாக நம் வீட்டில் யார் பேச்சையாவது கேட்கிறோமா? அப்படிக் கேட்டுப் பழகிய காதுக்கு, கேம் முடிந்ததும் வீடு வெறிச்சென்றுதான் இருக்கும்.

இரண்டாவது ஆட்டத்தின் கடைசிக் கேஸை நீ கடிதத்தில் சொல்லவில்லை. எனக்கு முழு வரிசையிலும் அதுதான் உச்சம். இன்னும் ஆடாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். கட்சிக்காரனான நடிகனிடம் ஃபீனிக்ஸ், ‘நீ கொன்றாயா?’ என்று கேட்கிறான். இல்லை என்கிறான் அவன். பொய்யைக் காட்டிக்கொடுக்கும் பூட்டு எதுவும் விழவில்லை. ஆகவே ஃபீனிக்ஸ் நம்புகிறான், நாமும் நம்புகிறோம். அந்த ஆள் சொன்னது உண்மைதான். அவன் கொல்லவில்லை, கூலிக்கு ஆள் வைத்துக் கொல்வித்தான். தன்வினையில் கேட்டதற்குப் பிறவினைக்காரன் உண்மையாகப் பதில் சொல்லியிருக்கிறான்! அவனை விடுவிக்காவிட்டால், கடத்தி வைக்கப்பட்டிருக்கும் ஃபீனிக்ஸின் உதவியாளர் மாயாவின் உயிர் போகும். நீதிபதி ஃபீனிக்ஸைக் கேட்கும்போது முடிவு நம் விரலுக்கு வருகிறது. எந்தப் பதிலை அழுத்துவது என்று தெரியாமல் நான் கருவியை மூடிவைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் நின்றேன். கட்சிக்காரரை நம்பு என்று அதுவரை சொல்லிக்கொடுத்த ஆட்டம், நம்பிக்கை கண்ணை மூடிக்கொண்டு செய்வதில்லை என்று அங்கே கற்றுத்தருகிறது.

நான்காவது ஆட்டத்தில் போலிச் சாட்சியத்தால் ஃபீனிக்ஸ் வக்கீல் பட்டத்தை இழந்து, தாடியோடு பியானோ வாசித்துக்கொண்டிருப்பதைப் பல ரசிகர்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை. எனக்கு அந்தக் கோபம் புரிகிறது, ஆனால் சேர முடியவில்லை. சாட்சியத்தால் உயர்ந்தவன் சாட்சியத்தாலேயே விழ முடியும் என்று காட்ட எழுத்தாளனுக்குத் துணிச்சல் வேண்டும்.

உன் பெரிய கேள்விக்கு வருகிறேன். நிஜத்தில் பொய் உடைவதில்லை என்கிறாய்.

நிறவெறி ஆட்சியை எதிர்த்த அகமத் டிமோல் என்ற பள்ளிக்கூட ஆசிரியரை 1971 அக்டோபரில் ஜோஹன்னஸ்பர்க்கில் பிடித்தார்கள். ஐந்து நாள் கழித்து, ஜான் வோர்ஸ்டர் ஸ்கொயர் போலீஸ் கட்டடத்தின் பத்தாவது மாடியிலிருந்து விழுந்து இறந்தார். குதித்துவிட்டார் என்றது போலீஸ். 1972-ல் மரண விசாரணை நடத்திய மாஜிஸ்ட்ரேட் தற்கொலை என்றே எழுதி, யார்மேலும் குற்றமில்லை என்று முடித்தார். குதித்தாராம். அந்த ‘ஆம்’-ஐ உதிர்த்துவிட்டு, குதித்தார் என்று பதிவாயிற்று. அவருடைய தாய் 1996-ல், அந்த ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் சமரச ஆணையத்தின் முன் வந்து பேசினார். சகோதரி மகன் விடாமல் அலைந்தார். 2017-ல் விசாரணை மறுபடி திறந்தது.

கேமில் அரசுத் தரப்பு வக்கீல் ‘புதுப்பித்த பிரேதப் பரிசோதனை அறிக்கை’ ஒன்றைக் கொண்டுவந்து நம் காலை வாருவார், ரசிகர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். மறுபடி திறந்த டிமோல் விசாரணையில் நடந்தது அதற்கு நேர் எதிர். தடயவியல் மருத்துவர்கள் பழைய பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைத் திரும்பப் படித்து, விழுவதற்கு முன்பே உடம்பில் இருந்த காயங்களை எடுத்துக் காட்டினார்கள். 2017 அக்டோபர் 12 அன்று, இது தற்கொலை இல்லை, கொலை என்று நீதிபதி பில்லி மோத்லே தீர்ப்பு வாசித்தார். 46 வருஷம். தீர்ப்பைக் கேட்க அந்தத் தாய் உயிரோடு இல்லை. அறையில் தானும் இருந்ததாகச் சொன்ன முன்னாள் போலீஸ்காரர்மேல் 2018-ல் கொலைக் குற்றம் சாட்டினார்கள். வழக்கு முடியாமலே 2021-ல் அவரும் இறந்துபோனார்.

முதல் ஆட்டத்தில் அரசுத் தரப்பு வக்கீல் எட்ஜ்வொர்த்தின் அப்பா கொலைக்கு வழக்குப் போடப் பதினைந்து வருஷக் கெடு, கடைசி நாளில்தான் உண்மை வெளியே வரும். ஜப்பான் 2010-ல் கொலைக்கு அந்தக் கெடுவையே நீக்கிவிட்டது. இங்கே கொலைக்குக் கெடு ஏற்கெனவே கிடையாது. இல்லாவிட்டால் டிமோல் குடும்பம் எந்தக் கதவைத் தட்டியிருக்கும்? ஆகவே தம்பி, நீ பொய்யை நேசிக்கவில்லை. ஆட்டத்தில் மூன்று நாளில் நடப்பது இங்கே அரை நூற்றாண்டு எடுக்கிறது. அந்த நேரக் கணக்கு ஒன்றைத்தான் கேம் மாற்றிச் சொல்கிறது.

எட்டு மாதமாகக் கடைசிக் கேஸைத் தொடாத உன் நண்பனிடம் ஒன்று சொல். நாலாம் வகுப்புப் பையன் ஃபீனிக்ஸைச் சாப்பாட்டுக் காசு திருடியதாக வகுப்பே கூடி விசாரித்தபோது, காசைப் பறிகொடுத்த எட்ஜ்வொர்த்தே எழுந்து, ஆதாரம் இல்லை என்றான். அந்த ஒரு குரலுக்காகத்தான் ஃபீனிக்ஸ் பிற்பாடு வக்கீலானான். கூண்டில் ஒருவரை நிற்கவைத்துவிட்டு எட்டு மாதம் கதவைச் சாத்திவைத்தால் எப்படி? போய் முடித்துக் கொடுக்கச் சொல்.

நம் ஊரில் கோர்ட்டுகள் பொதுமக்களுக்குத் திறந்தே இருக்கின்றன. பின்வரிசையில் எவரும் போய் உட்காரலாம். டர்பன் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்கு ஒரு காலை நான் உன்னோடு வருகிறேன். மொழிபெயர்ப்பாளர் எங்கே நிற்கிறார், சாட்சி பேசும்போது அவர் யாருடைய வாயைப் பார்க்கிறார் என்று காட்டுகிறேன். ஆயாவால் படியேற முடியுமென்றால் அவரையும் கூட்டி வா. ஃபோனை மட்டும் வாசலிலேயே அணைத்துவிடு. ஆயாவிடம், உள்ளே சத்தமாகக் கேள்வி கேட்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவை.

அன்புடன்,
அக்கா