சிறையில் நாப்கின் மறுக்கப்பட்டால் யார், எப்படிப் புகார் செய்வது?

கேள்வி: விசாரணைக் கைதியாகச் சிறையில் இருக்கும் என் தங்கைக்கு மாதம் ஒரு பாக்கெட் நாப்கின்தான் தருகிறார்கள். உதிரப்போக்கு அதிகம் என்பதால் அது இரண்டு நாளுக்குக்கூடப் போதவில்லை. வேறு வழியின்றிப் போர்வையின் ஓரத்தைக் கிழித்துப் பயன்படுத்தியதற்கு, சிறைச் சொத்தைச் சேதப்படுத்தியதாக இப்போது விளக்கம் கேட்டிருக்கிறார்கள். நான் புகார் கொடுக்கலாமா? கொடுத்தால் அவளுக்குத் தொல்லை வருமா?

பதில்: தாராளமாகப் புகார் கொடுக்கலாம். உங்கள் தங்கையோ அவருடைய வழக்கறிஞரோ கொடுப்பதே முதல் வழி; அவர்களால் இயலாதபோது நீங்கள் கொடுக்கலாம். ஆனால் அதற்கு முன், போர்வை தொடர்பான விளக்கத்தைக் கெடு முடிவதற்குள் எழுத்து மூலம் தரச் சொல்லுங்கள். பயத்தில் வெறும் மன்னிப்பு மட்டும் எழுதிக் கொடுத்தால், குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே அது பதிவாகக்கூடும். நாப்கின் எந்தத் தேதியில் தீர்ந்தது, யாரிடம் கேட்டார், என்ன பதில் கிடைத்தது என்று வரிசையாக எழுதினாலே, தர வேண்டியதைத் தராத நிர்வாகம் அதன் விளைவுக்காகக் கைதியைத் தண்டிக்க முற்படுவது புலப்பட்டுவிடும்.

பெண் கைதிகளை நடத்தும் முறை குறித்து ஐ.நா. பொதுச்சபை 2010-இல் ஏற்றுக்கொண்ட பாங்காக் விதிகளில் 5-ஆம் விதி, பெண் கைதிகளுக்கு நாப்கின் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்றும், மாதவிடாயில் இருப்பவர்கள் உள்ளிட்டோரின் தூய்மைக்குத் தண்ணீர் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்றும் கூறுகிறது. இவ்விதிகள் ஒப்பந்தத்தைப் போல அரசுகளைக் கட்டுப்படுத்துபவை அல்ல என்பதால், உங்கள் நாட்டுச் சிறைச் சட்டத்தையும் சேர்த்தே மேற்கோள் காட்டுங்கள். அமெரிக்கா 2018-இல் கைதிகளுக்கு நாப்கின் இலவசமாகத் தருவதைச் சட்டமாகவே இயற்றியது. ஆயினும் அது அந்நாட்டின் மத்திய அரசு நடத்தும் கூட்டாட்சிச் சிறைகளுக்கு மட்டுமே பொருந்தும்.

வாதம் பெரும்பாலும் எண்ணிக்கையில்தான் வந்து நிற்கும். 'ஒரு பாக்கெட் கொடுத்துவிட்டோமே' என்பார்கள். 5-ஆம் விதி தேவையை நிறைவு செய்யச் சொல்கிறதே தவிர, பெயருக்குக் கொடுப்பதை ஏற்கவில்லை. எனவே சிறை மருத்துவரைப் பார்த்து, அதிக உதிரப்போக்கை மருத்துவப் பதிவேட்டில் குறிக்கச் சொல்வது உங்கள் தங்கைக்கு வலுவான சான்றாகும்.

கைதிகள் அனைவரையும் நடத்தும் முறை குறித்து ஐ.நா.வில் 2015-இல் ஏற்கப்பட்ட நெல்சன் மண்டேலா விதிகளின்படி, கைதியோ அவருடைய வழக்கறிஞரோ புகார் செய்யலாம். இருவராலும் இயலாதபோது குடும்பத்தினர் செய்யலாம். புகார் செய்ததற்காகப் பழிவாங்கக் கூடாது என்று 57-ஆம் விதி வெளிப்படையாகவே தடை செய்கிறது. நடைமுறையில் தொல்லையே வராது என்று நான் உறுதியளிக்க மாட்டேன். புகாரின் நகலைச் சிறையை ஆய்வு செய்யும் அமைப்புக்கும் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வைத்திருங்கள். உங்கள் தங்கை விசாரணைக் கைதி என்பதால், அடுத்த முறை காவல் நீட்டிப்புக்காக நீதிமன்றத்தில் முன்னிலைப்படுத்தும்போது, வழக்கறிஞர் வழியாக இதை மனுவாகவே தாக்கல் செய்து, வாய்மொழியாகவும் நீதிபதியிடம் எடுத்துச் சொல்லுங்கள்.