நீண்ட வளைவில் ஆயில் அழுத்தம் விழுவது குறித்து

வணக்கம். மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் டர்போ எஞ்சினைப் பொருத்தியபின், பந்தயத் தடத்தில் நான்காம் சுற்றிலேயே குளிர்நீரின் வெப்பம் ஏறுவதாகவும், நீண்ட வளைவுகளில் ஆயில் அழுத்தம் ஒரு கணம் விழுந்து மீள்வதாகவும் எழுதி, பெரிய ரேடியேட்டர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ரேடியேட்டர் காத்திருக்கட்டும், எஞ்சினைக் கொல்லக்கூடியது இரண்டாவது அறிகுறிதான்.

பக்கவாட்டு விசை 1 ஜி அளவை, அதாவது புவியீர்ப்புக்குச் சமமான அளவை, எட்டும்போது, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பிலுள்ள ஆயிலின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்ந்துவிடுகிறது. அந்நிலை சில நொடிகள் நீடித்தால் உறிஞ்சுகுழாயின் வாய் ஆயிலை விட்டு வெளியே வர, பம்ப் காற்றை இழுக்கிறது, கிராங்க் ஷாஃப்ட் பேரிங்குகளும் அதே ஆயிலை நம்பியிருக்கும் டர்போவின் பேரிங்கும் உலோகத்தோடு உலோகம் உரசத் தொடங்குகின்றன. எஞ்சின் உள்ளே அடங்குவதற்காகச் சம்பை வெட்டிச் சுருக்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆகவே தடுப்புத் தகடுகளும் ஒருவழிக் கதவுகளும் கொண்ட சம்பை முதலில் பொருத்துங்கள். அதன் பின்னும் அழுத்தம் விழுந்தால், ஆயிலை அழுத்தத்தில் சேமித்து வைத்து அழுத்தம் விழும் கணத்தில் எஞ்சினுக்குத் தரும் கலனான ஆயில் அக்யுமுலேட்டர்; செலவுக்கு அஞ்சாதவராயின், ஆயிலைச் சம்பில் தேக்காமல் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப். ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றிச் சமாளிக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. கிராங்க் ஷாஃப்ட் அதைக் கடைந்து நுரையாக்கிவிட்டால் பம்புக்குக் கிடைப்பது மீண்டும் காற்றுதான்.

வெப்பத்துக்கு வருவோம். டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் ரேடியேட்டருக்கு முன்னால் இருந்தால் ரேடியேட்டருக்குச் சூடான காற்றே சேரும் என்பதால், ரேடியேட்டரைச் சுற்றியுள்ள இடைவெளிகளைத் தகடுகளால் அடைத்து, உட்புகும் காற்று முழுவதும் அதன் வழியே செல்லும்படி செய்யுங்கள். தெர்மோஸ்டாட்டுடன் கூடிய ஆயில் கூலரும் தேவை. சம்ப் மாறும்வரை தடத்தில் ஓட்டாதீர்கள். மாற்றியபின், ஆயில் அழுத்தத்தையும் பக்கவாட்டு விசையையும் ஒருசேரப் பதிவு செய்து இங்கே இடுங்கள்.