எந்தப் பத்திரிகை சாய்கிறது?

அன்புள்ள ஐயா,

நான் பட்டர்வொர்த்தில் இடைநிலைப்பள்ளி ஆசிரியை. 2024 ஜூனில் டீசல் மானியம் குறைக்கப்பட்டபோது வெளிவந்த இரண்டு செய்தி நறுக்குகளை மாணவர்களின் பயிற்சிக்காக எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று ‘ஏழைகள் தலையில் இடி’ என்கிறது. மற்றது ‘பருவநிலையைக் காக்கத் துணிச்சலான முடிவு’ என்கிறது. எது பக்கச்சார்பானது? சார்பை மதிப்பெண்ணாகக் காட்டும் செயலிகளை நம்பலாமா? உள்ளூர்ப் பத்திரிகைகளை விட்டுவிட்டு வெளிநாட்டு ஊடகங்களை மட்டும் படிக்கலாம் என்றுகூடத் தோன்றுகிறது.

ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

ஒரே செய்தியின் இரண்டு நறுக்குகளைப் பிள்ளைகள் முன் வைக்கும் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். செயலிகளை விடுங்கள், அச்சில் வராததை அவை எப்படி எண்ணும்?

உங்கள் நறுக்குகள் இரண்டுமே சாய்ந்தவைதாம். ஜூன் 10 முதல் தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக ஏறியது உண்மை. ஆனால் தகுதிபெற்ற சரக்கு லாரிகளுக்குச் சிறப்பு அட்டை வழியாக 2.15 ரிங்கிட் விலையே நீடித்தது, மீனவர்களுக்கு 1.65 ரிங்கிட், தகுதியுள்ள தனிநபர்களுக்கு மாதம் 200 ரிங்கிட் உதவித்தொகை. முதல் நறுக்கில் இவற்றைத் தேடுங்கள். அரசு முன்வைத்த காரணங்கள் டீசல் கடத்தலும், ஆண்டுக்குச் சுமார் 4 பில்லியன் ரிங்கிட் மிச்சமும். இரண்டாவது நறுக்கில் இவற்றைத் தேடுங்கள். தலைப்பின் சூட்டை வைத்துச் சார்பை அளக்க முடியாது. எந்த வரி விடுபட்டது, யாரிடம் கேட்கப்படவில்லை என்றுதான் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டு ஊடகங்களுக்குப் போய்விடலாம் என்று எழுதினீர்களே, அதைப் படித்தபோது கோபம்தான் வந்தது. அமெரிக்காவின் நான்கு பெரிய நாளேடுகள் 1988 முதல் 2002 வரை வெளியிட்ட செய்திகளை ஆராய்ந்து மேக்ஸ்வெல் பாய்காஃப், ஜூல்ஸ் பாய்காஃப் இருவரும் 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புவி வெப்பமாவதற்கு மனிதச் செயல் காரணம் என்ற அறிவியல் முடிவுக்கும், அது இயற்கையான ஏற்றத்தாழ்வே என்ற வாதத்துக்கும் ஏறக்குறையச் சம இடம் தந்த செய்திகள் பாதிக்கும் மேல். நடுநிலை என்ற பெயரிலேயே அவை சாய்ந்து நின்றன. அங்கே போய் எந்தத் தூய்மையைத் தேடப் போகிறீர்கள்? அந்த ஏடுகள் நம் ஷா ஆலம் நகரின் வடிகாலைப் பற்றி நமக்காக எழுதவும் போவதில்லை.

ஷா ஆலம் என்றதும் என் சித்தியின் நினைவு வருகிறது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் அங்குள்ள தாமான் ஸ்ரீ மூடாவில் அவருடைய வீட்டின் கீழ்த்தளம் முழுவதும் மூழ்கியது. நீர் வடிந்த பிறகு நாங்கள் சேற்றை வழித்துக்கொண்டிருந்தபோது ஒரு நிருபர் வந்தார். எவ்வளவு நஷ்டம், என்னென்ன போயிற்று என்று கேட்டார். உப்பிப்போன மெத்தையின் அருகே சித்தியை நிற்க வைத்துப் படம் எடுத்தார். “இந்தத் தண்ணீர் ஏன் தம்பி இவ்வளவு வந்தது?” என்று சித்தி திருப்பிக் கேட்டதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கேள்வி அச்சிலும் வரவில்லை. ‘இயற்கையின் சீற்றம்’ என்று மட்டும் வந்தது.

அன்றிலிருந்து நான் இதையே கவனித்து வருகிறேன். வெள்ளம் முதல் பக்கத்தில் படமாக வருகிறது. மானியமும், கரிம உமிழ்வுக்கு விதிக்கும் கார்பன் வரியும் வணிகப் பக்கத்தில் ஆலை அதிபர்களின் கருத்தோடு வருகின்றன. டீசல் போன்றவை எரிந்து புவி வெப்பமாக ஆகப் பெருமழை கடுமையாகிறது என்று அறிவியல் உறுதியாகச் சொன்ன பிறகும் இந்த இரண்டு பக்கங்களும் ஒன்றை ஒன்று பார்ப்பதே இல்லை. 2021 வெள்ளங்களின் இழப்பு 6.1 பில்லியன் ரிங்கிட் என்று நம் புள்ளியியல் துறையே கணக்கிட்டது. டீசலில் மிச்சமாகும் 4 பில்லியனும் இந்த 6.1 பில்லியனும் ஒரே செய்தியில் அடுத்தடுத்து அச்சாகி நான் பார்த்ததில்லை. விலை ஏற்றத்தின் சுமையைச் சொல்லும் நிருபர், ஏறாமல் விட்டதன் சுமை யார் வீட்டுக்குள் புகுந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு சுமையும் பெரும்பாலும் ஒரே வீட்டில்தான் விழுகின்றன.

ஆகவே, அம்மா, உங்கள் பயிற்சியில் 2021 டிசம்பர் வெள்ளச் செய்தி ஒன்றை மூன்றாவது நறுக்காகச் சேருங்கள். மூன்றிலும் யார் யாரிடம் என்ன கேட்கப்பட்டது என்று பிள்ளைகள் எழுதட்டும். பிறகு, கேட்கப்படாமல் போன கேள்விகளை ஒரு கடிதமாக்கி அந்தந்தப் பத்திரிகை ஆசிரியருக்கே அவர்களைக்கொண்டு அனுப்புங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு எழுதுங்கள்.