சுட்ட உருளைக்கிழங்கு கருகுகிறதா? அடுப்பை மாற்றும் முன் கிழங்கைப் பாருங்கள்

கேள்வி: குன்னூரில் இருக்கிறோம். வீட்டில் 19 லிட்டர் ஓ.டி.ஜி. (மின்கம்பிச் சூட்டில் சுடும் சின்ன அவன்), மைக்ரோவேவ் இரண்டும் உண்டு. போன மாதம் ஏர் ஃப்ரையரும் வாங்கினோம். ஊட்டி உருளைக்கிழங்கு என்று கேட்டு வாங்கி, ஃபாயில் சுற்றி ஓ.டி.ஜி.யில் 200 டிகிரியில் 45 நிமிடம் வைத்தால் நடுவில் வேகாமல் விறைப்பாக இருக்கிறது. ஃபாயில் இல்லாமல் ஏர் ஃப்ரையரில் வைத்தால் தோல் கருகுகிறது, உள்ளே பசைபோல் ஒட்டுகிறது. ஒரு மாதிரி தித்திப்பு வேறு. பெரிய கன்வெக்‌ஷன் அவன் வாங்கினால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? அந்தக் கிழங்கு இன்னும் மூன்று கிலோ மிச்சம் இருக்கிறது.

பதில்: வாங்க வேண்டாம். உங்களிடம் இருக்கும் மூன்று சாதனங்களில் எதை எடுத்தாலும் நல்ல கிழங்கை நன்றாகச் சுடலாம். கருகுவதும் பசையாக ஒட்டுவதும் தித்திப்பதும் கிழங்கின் குற்றம். நடு வேகாதது மட்டும்தான் சுடும் முறையில் வந்த குற்றம். முதலில் கிழங்கைப் பார்ப்போம்.

தித்திப்பு என்று எழுதினீர்களே, துப்பு அதில்தான் இருக்கிறது. உருளைக்கிழங்கை 8 டிகிரிக்குக் கீழே வாரக்கணக்கில் வைத்தால் அதன் மாவுச்சத்தில் ஒரு பங்கு சர்க்கரையாக மாறும். குளிர்பதனக் கிடங்கில் 2 முதல் 4 டிகிரியில் மாதக்கணக்கில் கிடந்த கிழங்கில் இது நிச்சயம் நடந்திருக்கும். அந்தச் சர்க்கரைதான் ஏர் ஃப்ரையரின் அனல் காற்றில் தோலைக் கருக்குகிறது.

ஊட்டிக் கிழங்கு ஏன் கிடங்குக்குப் போக வேண்டும் என்று கேட்பீர்கள். போக வேண்டியதே இல்லை. நீலகிரியில் நீர்போகம், கார்போகம், கடைபோகம் என்று மூன்று போகம் உருளை வருகிறது. தோண்டியதும் மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குகிறார்கள். அதே மண்டிக்குக் கோலாரிலிருந்தும் குஜராத்திலிருந்தும் கிழங்கு வருகிறது. ஊட்டிக் கிழங்குக்கு விலை கூடுதல் என்பதால் கிடங்கில் கிடந்த வெளியூர்க் கிழங்கின்மேல் செம்மண்ணைப் புரட்டி ‘ஊட்டி’ என்று விற்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட மூட்டை திரும்ப மலை ஏறி உங்கள் தெருக்கடைக்கு வருவதும் நடக்கிறது. மண் ஒட்டியிருந்தால் ஊட்டிக் கிழங்கு என்று நம்புவதுதான் முதல் தவறு. நீலகிரி மண் எல்லாமே செம்மண்ணும் இல்லை, கருத்த மண்ணும் உண்டு.

கிழங்கைக் கையில் எடுத்து ஒரு ‘கண்’ பள்ளத்தை உற்றுப் பாருங்கள். தோட்டத்து மண் பள்ளத்துக்குள் இறுகிக் காய்ந்திருக்கும், மேட்டுப் பகுதியில் உதிர்ந்து போயிருக்கும். புரட்டிய மண் மேடு பள்ளம் பார்க்காமல் மாவு தூவியதுபோல் ஒரே சீராகப் படிந்திருக்கும். ஈரவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் மொத்தமாக வழித்துக்கொண்டு வரும். மூட்டையில் பத்துக் கிழங்குக்கும் ஒரே நிறத்தில் ஒரே கனத்தில் மண் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொரு சோதனை வீட்டில். ஒரு கிழங்கை வறுவல்போல மெல்லிசாகச் சீவி, நாலு துண்டைச் சூடான எண்ணெயில் போடுங்கள். பொன்னிறமாக வந்தால் நல்லது. மொறுமொறுப்பு ஏறும் முன்னே பழுப்பாகிக் கருத்தால் சர்க்கரை ஏறிய கிழங்கு.

ஒன்றை மட்டும் அவசரப்படாமல் கவனிக்க வேண்டும். தித்திக்கும் கிழங்கெல்லாம் ஏமாற்றுக் கிழங்கு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் ஊட்டிப் பக்கம் தகரக் கொட்டகையின் தரையில் கொட்டிவைத்த அசல் மலைக்கிழங்கும் இதேபோல் தித்திக்கும். இரவில் கொட்டகைக்குள்ளே 5, 6 டிகிரிக்கு இறங்கினால் கிழங்குக்கு அதுவும் குளிர்பதனக் கிடங்குதான். ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் நீங்களே இரண்டு வாரம் வைத்திருந்தாலும் இதே கதை. ஆகவே பனிக்காலத்தில் தித்தித்தால் விவசாயியைக் குறை சொல்வதற்கு முன் எங்கே எத்தனை நாள் இருந்தது என்று கேளுங்கள். பனி இல்லாத மாதத்தில், புதிதாகத் தோண்டியது என்று சொல்லி விற்ற கிழங்கு தித்தித்தால் அப்போது சந்தேகப்படுங்கள். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே: 15 முதல் 20 டிகிரி உள்ள இடத்தில், வெளிச்சம் படாமல், காற்றோட்டமான கூடையில் இரண்டு மூன்று வாரம் வைத்தால் சர்க்கரையில் பெரும்பகுதி இறங்கிவிடும்.

அடுத்தது பசை. சுடுவதற்கு மாவுக்கிழங்கு வேண்டும். தண்ணீர் ஓடிய இளங்கிழங்கு ஒட்டத்தான் செய்யும். ஒரு லிட்டர் தண்ணீரில் 120 கிராம் உப்பைக் கரைத்து, கழுவிய கிழங்குகளை அதில் போடுங்கள். மூழ்குவது சுடுவதற்கு, மிதப்பது குருமாவுக்கு. கட்டைவிரலால் தேய்த்தாலே தோல் உரியும் கிழங்கு முற்றாதது, அதையும் சுட வேண்டாம். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, குஃப்ரி ஜோதி, குஃப்ரி ஸ்வர்ணா என்று மலைக்கு ஏற்ற ரகங்கள் இருக்கின்றன. ஆனாலும் கடைப் பலகையில் ரகமும் கிடையாது, தோண்டிய நாளும் கிடையாது. ஒரு பிஸ்கட் பொட்டலத்துக்குத் தேதி போடச் சட்டம் இருக்கிறது. 50 கிலோ மூட்டை எந்தத் தோட்டத்தில் எந்த வாரம் தோண்டியது என்று ஒரு துண்டுச்சீட்டு கட்ட இத்தனை ஆண்டுகளில் ஒரு ஏற்பாடு வரவில்லை. அதுவரை உழவர் சந்தையில் அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயியிடம் வாங்குங்கள். எந்த ஊர்த் தோட்டம், தோண்டி எத்தனை நாள் என்று கேளுங்கள். விளைவித்தவர் யோசிக்காமல் பதில் சொல்வார்.

இனி சுடுவது. ஃபாயிலை விடுங்கள். ஃபாயிலுக்குள் கிழங்கின் நீராவி வெளியேற வழியில்லை, அதனால் கிடைப்பது அவித்த கிழங்கு. ஃபாயிலோடு வெளியே வைத்து மறுநாள் சாப்பிடுவது ஆபத்து: காற்றில்லாத, ஈரமான, வெதுவெதுப்பான இடத்தில் போட்டுலிசம் கிருமி நஞ்சை உண்டாக்கும். 1994-இல் அமெரிக்காவின் எல் பாசோ நகரில், இப்படி ஃபாயிலோடு வெளியில் கிடந்த சுட்ட கிழங்கில் செய்த உணவால் 30 பேர் பாதிக்கப்பட்டார்கள். மிச்சமானால் பிளந்து ஆறவைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

ஓ.டி.ஜி.யில், 180 முதல் 200 கிராம் எடையுள்ள கிழங்கைத் தேய்த்துக் கழுவித் துணியால் ஈரம் போகத் துடையுங்கள். முள்கரண்டியால் ஏழெட்டு இடத்தில் குத்துங்கள். மேல், கீழ் இரண்டு சூட்டுக் கம்பிகளையும் எரியவிட்டு 200 டிகிரிக்குச் சூடேற்றி, நடுத்தட்டுக் கம்பிவலையின்மேல் நேரடியாக வையுங்கள். 60 முதல் 70 நிமிடம். பாதியில் ஒருமுறை திருப்புங்கள். எண்ணெயும் உப்பும் கடைசிப் பத்து நிமிடத்தில் போதும். உங்கள் 45 நிமிடம் சின்னக் கிழங்குக்குத்தான் போதும்.

மலையில் மின்னழுத்தக் குறைவு வேறு. 230 வோல்ட்டுக்குச் செய்த 1300 வாட் ஓ.டி.ஜி., 190 வோல்ட்டில் 900 வாட் அளவுக்குத்தான் சூடு தரும். அதனால் சாயங்காலம் விளக்கு மங்கும் நேரத்தில் சூடேற்ற 25 நிமிடம் ஒதுக்குங்கள். இதன் பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் செருக ‘கன்வெர்ட்டர்’ விற்பார்கள், வாங்காதீர்கள். பழைய வீட்டு வயரிங்கில் சூடேறி உருகுவது அங்கேதான். 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

ஏர் ஃப்ரையரில் 190 டிகிரி, 40 முதல் 45 நிமிடம். மூன்று கிழங்குக்கு மேல் நெருக்க வேண்டாம். அடியில் காகிதம் விரிக்காதீர்கள், காற்று தடைபடும்.

மைக்ரோவேவில் 800 வாட்டில் ஒரு கிழங்குக்கு 5 முதல் 6 நிமிடம், நடுவில் திருப்பி, வெளியே எடுத்து 5 நிமிடம் அப்படியே விட வேண்டும். இங்கே குத்தாமல் வைத்தால் வெடிக்கும். தோல் மொறுமொறுக்காது, அதற்கு இரும்புத் தோசைக்கல்லில் நாலு சொட்டு எண்ணெய் விட்டு ஆறு நிமிடம் உருட்டுங்கள், அல்லது 220 டிகிரி ஓ.டி.ஜி.யில் 15 நிமிடம் வையுங்கள். அவசர நாளுக்கு இந்தக் கூட்டு முறையே சிறந்தது, மின்சாரமும் மிச்சம்.

கரியடுப்புத் தணலில் சாம்பல் மூடிச் சுட்டால் 45 நிமிடத்தில் அருமையாக வரும். ஆனால் திறந்த வெளியில் மட்டும். குளிருக்குக் கதவைச் சாத்திய அறையில் கரி மூட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, உயிரை எடுத்துவிடும்.

வெந்ததா என்று பார்க்கத் தெர்மாமீட்டர் வேண்டாம். உள்ளே 98 டிகிரி வர வேண்டும் என்று வெளிநாட்டுக் குறிப்புகள் சொல்லும். ஊட்டியில் தண்ணீரே 93 டிகிரிக்குக் கிட்டத்தில் கொதித்துவிடுகிறது, குன்னூரில் 94. அந்த 98-க்குக் காத்திருந்தால் கிழங்கு வற்றிச் சுருங்கிவிடும். மெல்லிய கம்பி தடையில்லாமல் நடுவரை இறங்கினால் வெந்தது. எடுத்த உடனே மேலே சிலுவைபோல் கீறி, துணியால் பிடித்து இரு முனையையும் உள்நோக்கி அழுத்துங்கள். நீராவி புகைபோல் எழும், மாவு மலரும். மூடியே வைத்திருந்தால் அந்த ஆவி உள்ளேயே தண்ணீராகி நல்ல கிழங்கும் நசநசத்துப்போகும்.

மிச்சமிருக்கும் மூன்று கிலோவில் பச்சை படர்ந்தது, கைத்தது இருந்தால் தூர எறியுங்கள். நல்லதில் உப்புத் தண்ணீரில் மிதப்பதை இப்போதே குருமாவுக்கோ மசாலாவுக்கோ எடுத்துக்கொள்ளுங்கள். மூழ்கியதைக் கழுவித் துடைத்து, நிழலில் நன்றாகக் காயவைத்து, சமையலறைப் பரணில் கூடையில் சாக்குப் போட்டு மூடிவையுங்கள். வெங்காயத்தோடு சேர்க்க வேண்டாம். இரண்டு வாரம் கழித்து ஒன்றைச் சீவி எண்ணெயில் போட்டுப் பாருங்கள். பொன்னிறமாக வந்தால் அன்றைக்கே மற்றொன்றை ஓ.டி.ஜி.யில் வைக்கலாம்.