காசு கம்பெனியுடையது, அலைச்சல் உங்களுடையது: அடிக்கடி பயணிப்பவர்களின் கேள்விகள்

மாதத்தில் பாதி நாள் வேலை நிமித்தம் ஊர் ஊராகச் சுற்றும் வாசகர்களின் கேள்விகளை இந்த முறை மொத்தமாக எடுத்துக்கொண்டேன். முக்கால்வாசிப் பேர் "கம்பெனி காசுதான், இருந்தாலும்..." என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். டிக்கெட் காசு கம்பெனியுடையதாக இருக்கட்டும். ராத்திரி பதினொரு மணிக்கு ஏர்போர்ட்டில் உட்கார்ந்திருப்பது நீங்கள்தான். அக்கவுண்ட்ஸ் பில்லைத் திருப்பி அனுப்பினால் கைக்காசு போவதும் உங்களுக்குத்தான்.

கேள்வி: கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். போன வாரம் மும்பைக்கு மதிய விமானம், ஐந்து மணி நேரம் தாமதம். ஒரு சாண்ட்விச்சும் ஜூஸும் கொடுத்தார்கள், அவ்வளவுதான். தாமதம் என்று காலையிலேயே எஸ்.எம்.எஸ். வந்ததாம், ஆனால் எங்கள் டிராவல் டெஸ்க் நம்பருக்கு. எனக்கு யாரும் சொல்லவில்லை. நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: விதிப்படி உங்களுக்குச் சேர வேண்டியது அந்த சாண்ட்விச்தான். உள்நாட்டு விமானம் தாமதமானால் பணமாக நஷ்டஈடு தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டி.ஜி.சி.ஏ.) விதிகளில் இல்லை. இரண்டரை மணி நேரத்துக்குள் முடியும் பயணம் என்றால், இரண்டு மணி நேரத் தாமதத்திலிருந்து சாப்பாடும் சிற்றுண்டியும் தர வேண்டும். கோவை–மும்பை அந்தக் கணக்கில்தான் வரும்.

கணக்கு மாறுவது ஆறு மணி நேரத்தில். தாமதம் ஆறு மணி நேரத்தைத் தாண்டும் என்றால், ஆறு மணி நேரத்துக்குள் வேறு விமானம் அல்லது முழுப் பணம், இரண்டில் எது வேண்டும் என்று உங்களைக் கேட்க வேண்டும். இரவு 8 மணியிலிருந்து அதிகாலை 3 மணிக்குள் கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஓட்டல் அறையும் உண்டு. ஆனால் நடைமுறையில் யாரும் "ஆறு மணி நேரம் லேட்" என்று ஒரே மூச்சில் அறிவிப்பதில்லை. முதலில் நாற்பது நிமிடம், அப்புறம் ஒன்றரை மணி நேரம், அப்புறம் இன்னொரு ஒன்றரை என்று தவணை முறையில் வரும். ஒவ்வொரு அறிவிப்பையும் நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு சண்டை போடும்போது கையில் இருக்கப்போவது அது மட்டும்தான்.

விமானம் ரத்தானால் கதை வேறு. புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே சொல்லிவிட வேண்டும். அது முடியாவிட்டால் குறைந்தது 24 மணி நேரம் முன்பாவது சொல்லி, மாற்று விமானமோ பணமோ தர வேண்டும். அதுவும் செய்யவில்லை என்றால் பணத்தைத் திருப்புவதோடு நஷ்டஈடும் சேரும். ஒரு மணி நேரத்துக்குட்பட்ட பயணத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி நேரம் வரை 7,500, அதற்கு மேல் 10,000. இவை உச்சவரம்புகள். அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து இதைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் குறைந்த தொகைதான் கிடைக்கும். புயல், கலவரம் போல விமான நிறுவனத்தின் கையில் இல்லாத காரணம் என்றால் நஷ்டஈடு கிடையாது. அதனால்தான் காரணத்தை எழுத்தில் வாங்கச் சொல்கிறேன். 2025 டிசம்பரில் விமானிகளின் பணி நேர விதிகளைச் சமாளிக்க முடியாமல் இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது முக்கியக் காரணம் வானிலை அல்ல. கவுன்ட்டரில் "ஆபரேஷனல் ரீசன்" என்று வாயால் சொல்வதை அப்படியே ஒரு மெயிலாக அனுப்பச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் கேள்வியின் முக்கியமான இடத்துக்கு வருவோம். புக் செய்யும்போது சரியான தொடர்பு விவரம் தராதவருக்கு ரத்துக்கான நஷ்டஈடு இல்லை என்று அதே விதியில் ஒரு வரி இருக்கிறது. டிராவல் டெஸ்க்கோ ஏஜென்ட்டோ தங்கள் நம்பரைப் போட்டுவிட்டால், விமான நிறுவனம் "நாங்கள் தகவல் சொல்லிவிட்டோம்" என்று கை கழுவிவிடும். ஒவ்வொரு டிக்கெட்டிலும் உங்கள் மொபைல் நம்பரையும் மெயிலையும் போடச் சொல்லுங்கள். செய்ய மறந்தால், பி.என்.ஆர். வந்ததும் விமான நிறுவனத்தின் இணையதளத்திலோ கஸ்டமர் கேரிலோ நீங்களே சேர்க்கப் பாருங்கள்.

புகாரை முதலில் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள். பதில் சரியில்லை என்றால் விமானப் பயணிகளின் புகாருக்கான அரசுத் தளமான ஏர்சேவா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. ஆனால் ஒன்று: கம்பெனி வாங்கிய டிக்கெட் என்றால் "இது வணிக நோக்கத்துக்கான சேவை, இவர் நுகர்வோரே அல்ல" என்று எதிர்த்தரப்பு நிச்சயம் வாதாடும். அதற்கான பதிலோடு போங்கள். இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்க்கு அந்த அலைச்சல் தேவையா என்பதையும் யோசியுங்கள். பெரும்பாலும் 1915-இலேயே காரியம் முடியப் பார்ப்பது நல்லது.

கேள்வி: ஆப்பில் புக் செய்து மும்பையில் தங்கினேன். ஆப் அனுப்பிய ரசீதைக் கொடுத்தால் "ஜி.எஸ்.டி. பில் இல்லை, பாஸ் பண்ண முடியாது" என்கிறது அக்கவுண்ட்ஸ். ஓட்டலைக் கேட்டால் ஆப்பைக் கேள் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: ஆப் அனுப்புவது பெரும்பாலும் புக்கிங் வவுச்சர், வரி பில் அல்ல. அறை வாடகைக்குப் பில் தர வேண்டியவர் ஓட்டல்காரர். செக்-இன் செய்யும்போதே கம்பெனி பெயரையும் ஜி.எஸ்.டி. எண்ணையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். காலை ஏழு மணிக்கு டாக்ஸி வாசலில் நிற்கும்போது கேட்டால் "மெயில்ல அனுப்புறோம் சார்" என்பார்கள், அது வராது. புக் செய்யும்போதே கம்பெனி பெயரில் ஜி.எஸ்.டி. பில் கிடைக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில ஆப்களில் அதற்குத் தனியாக ஒரு பிரிவே இருக்கிறது.

உங்கள் அக்கவுண்ட்ஸ்காரரிடம் மெதுவாக ஒரு விஷயத்தையும் கேளுங்கள். ஓட்டல் அறைக்கு ஓட்டல் இருக்கும் மாநிலத்தின் வரிதான் போடப்படும். மும்பை ஓட்டல் என்றால் மத்திய வரியும் மகாராஷ்டிர மாநில வரியும். உங்கள் கம்பெனிக்கு மகாராஷ்டிரத்தில் ஜி.எஸ்.டி. பதிவு இல்லை என்றால் அந்த வரியை இங்கே கம்பெனி கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ள முடியாது. ஆக, வரவே வராத அந்த வரிக் கழிவுக்காக உங்கள் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறார். சென்னை, மதுரை ஓட்டல் பில்லில் கம்பெனியின் ஜி.எஸ்.டி. எண் இல்லை என்று அவர் கோபப்பட்டால் அது நியாயம். 2025 செப்டம்பர் 22 முதல் நாளுக்கு 7,500 ரூபாய் வரையான அறைக்கு வரி 5 சதவீதம்தான். அதற்கு முன் 12. பழைய விகிதத்திலேயே பில் போட்டிருக்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

விமான டிக்கெட்டில் இந்த மாநிலச் சிக்கல் இல்லை. புக் செய்யும்போதே ஜி.எஸ்.டி. எண்ணைப் போட்டால், விமான நிறுவனத்தின் தளத்தில் பி.என்.ஆர். கொடுத்து வரி பில்லை எடுக்கலாம். பிறகு சேர்ப்பது பெரும்பாடு. ரயிலில் ஏ.சி. வகுப்புக்கு ஐ.ஆர்.சி.டி.சி.யில் அதே வசதி உண்டு. ஸ்லீப்பருக்கு ஜி.எஸ்.டி.யே இல்லை, யாராவது பில் கேட்டால் கவலைப்படாதீர்கள்.

அப்புறம், ரிசப்ஷனில் ஆதார் நகல் கேட்டால் முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். ஓட்டுநர் உரிமமும் போதும். மாதம் பத்து ஓட்டலில் முழு ஆதார் எண்ணை விட்டுவிட்டு வருவது நல்ல பழக்கம் அல்ல.

கேள்வி: கேபினுக்குள் எடுத்துப்போக நல்ல டிராலிப் பெட்டி எது? 70 சதவீதத் தள்ளுபடியில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.

பதில்: தள்ளுபடியை மறந்துவிடுங்கள். டிராலிப் பெட்டி வியாபாரத்தில் அச்சிட்ட விலைக்கு யாரும் விற்பதில்லை, யாரும் வாங்குவதும் இல்லை. கையில் கொடுக்கும் தொகைக்குப் பெட்டி தகுமா என்று மட்டும் பாருங்கள்.

முதலில் எடை. கேபினில் எகானமி பயணிக்கு 7 கிலோதான். கனமான பெட்டி வெறுமனே மூன்று கிலோ வந்துவிடும். லேப்டாப், சார்ஜர் போட்டால் சட்டைக்கு இடமில்லை. இரண்டரை கிலோவுக்குள் பாருங்கள். அடுத்து அளவு. 55×35×25 செ.மீ. என்பது போல விமான நிறுவனம் சொல்லும் அளவில் சக்கரமும் கைப்பிடியும் சேர்த்திதான். கடைக்காரர் சொல்லும் அளவு பெரும்பாலும் பெட்டிக்கு மட்டும். டேப் வைத்து அளந்து பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஏர்போர்ட் தரையில் நாலு சக்கரம் வெண்ணெயில் கத்தி போலப் போகும். ஆனால் நீங்கள் எழும்பூர் பிளாட்ஃபாரத்திலும், தோண்டிப் போட்ட நடைபாதையிலும், ஓட்டல் மாடிப்படியிலும் இழுக்கப்போகிறவர் என்றால் பெட்டிக்குள் பாதி புதைந்த பெரிய இரண்டு சக்கரம்தான் உழைக்கும். வெளியே துருத்திக்கொண்டிருக்கும் சக்கரம்தான் முதலில் உடைகிறது. வழவழப்பான மலிவு ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் பெட்டி கீறல் விட்டுப் பிளக்கும், பாலிகார்பனேட் அழுந்தி நிமிரும். கேபின் பெட்டிக்கு என் ஓட்டு துணியால் செய்த பெட்டிக்குத்தான். வெளிப்பக்கப் பையில் லேப்டாப்பை வைத்து ஸ்கேனரில் சட்டென்று எடுக்கலாம்.

வாரண்டி ஐந்து வருடம் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். விமானத்தில் கையாளும்போது ஏற்படும் சேதத்துக்குப் பொருந்தாது என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் உண்டா, சக்கரம் மட்டும் மாற்றித் தருவார்களா என்பதுதான் உண்மையான வாரண்டி. பெட்டியோடு சேர்ந்த, கழற்ற முடியாத பேட்டரி இருக்கும் "ஸ்மார்ட்" பெட்டி வேண்டவே வேண்டாம்.

கேள்வி: திருப்பூரிலிருந்து டெல்லிக்கு சாம்பிள் உடைகளோடு போனேன். பெட்டி வரவில்லை, இரண்டு நாள் கழித்து வந்தது. வாங்க வந்தவர் காத்திருக்கவில்லை. ஆர்டர் போன நஷ்டத்தைக் கேட்க முடியுமா?

பதில்: ஆர்டர் போன நஷ்டத்தை வாங்குவது மிகக் கடினம். உள்நாட்டுப் பயணத்தில் செக்-இன் பெட்டிக்கு விமான நிறுவனத்தின் பொறுப்பே ஒருவருக்கு 20,000 ரூபாயோடு நின்றுவிடுகிறது. அதிக மதிப்புள்ள பொருள் என்றால் செக்-இன் செய்யும்போதே மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும்.

ஆனால் அந்த இரண்டு நாளில் வாங்கிய சட்டை, சோப்பு முதலான அவசியச் செலவுகளைப் பில்லோடு கேட்கலாம். இதற்கெல்லாம் அடிப்படை, பெல்ட்டை விட்டு வெளியே வருவதற்கு முன் கவுன்ட்டரில் பி.ஐ.ஆர். என்ற புகார்ச் சீட்டை வாங்குவது. தாமதத்துக்கு, பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். சேதம் என்றால் 7 நாள். அடுத்த முறை ஒவ்வொரு டிசைனிலும் ஒரு பீஸ் உங்கள் கைப்பையில் இருக்கட்டும்.

கேள்வி: வருடம் 10,000 ரூபாய் கட்டணத்தில் ஒரு கிரெடிட் கார்டு தருகிறார்கள். லவுஞ்ச் இலவசம், பாயிண்ட் நிறைய. வாங்கலாமா?

பதில்: 10,000 அல்ல, ஜி.எஸ்.டி. சேர்த்து 11,800. லவுஞ்சுக்காக என்றால் வேண்டாம். இப்போது பல கார்டுகளில் முந்தைய மூன்று மாதத்தில் இவ்வளவு செலவழித்தால்தான் லவுஞ்ச் என்று நிபந்தனை வைத்துவிட்டார்கள். டிக்கெட்டும் ஓட்டலும் கம்பெனி கார்டில் போகிறவருக்கு அந்தச் செலவு எங்கிருந்து வரும்? காலை ஆறு மணிக்கு லவுஞ்ச் வாசலில் நிற்கும் வரிசையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சென்னை ஏர்போர்ட்டில் 2025 பிப்ரவரியில் திறந்த உடான் யாத்ரி கஃபேயில் டீ 10 ரூபாய்க்கும் காபி 20 ரூபாய்க்கும் கொடுக்க ஆரம்பித்தார்கள். எனக்கு அது போதும்.

உங்கள் கார்டில் நீங்களே புக் செய்து பிறகு கம்பெனியிடம் வாங்குகிறீர்கள் என்றால் பாயிண்ட் சேரும், கார்டுக்கு அர்த்தம் உண்டு. ஆனால் கம்பெனி எத்தனை நாளில் பணம் தருகிறது? கார்டு கெடு தேதிக்குள் வரவில்லை என்றால் மாதம் மூன்று, மூன்றரை சதவீத வட்டி. ஒரு மாத வட்டியில் அந்த மாதப் பாயிண்டெல்லாம் கரைந்துவிடும்.

கேள்வி: தட்கலில் எடுத்த டிக்கெட். ரயில் நாலு மணி நேரம் லேட், மீட்டிங் போச்சு. தட்கலுக்கு ரீஃபண்ட் கிடையாது என்கிறார்களே?

பதில்: நீங்களாக ரத்து செய்தால்தான் கிடையாது. நீங்கள் ஏறும் நிலையத்திலிருந்து ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகக் கிளம்புகிறது, நீங்கள் பயணமும் செய்யவில்லை என்றால் தட்கலுக்கும் முழுப் பணம் உண்டு. ஐ.ஆர்.சி.டி.சி.யில் டி.டி.ஆர். என்ற ரீஃபண்ட் விண்ணப்பம் போட வேண்டும், அதுவும் ரயில் அந்த நிலையத்திலிருந்து கிளம்புவதற்கு முன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் போடலாம் என்று நினைத்தால் போச்சு.

கேள்வி: ஓட்டலில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலுக்கு 60 ரூபாய், கூடவே 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ். இது சரியா?

பதில்: சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் 1915.

தண்ணீர் விஷயத்தில் ஓட்டல்காரர் பக்கம்தான் சட்டம். ஓட்டலிலும் ரெஸ்டாரண்ட்டிலும் உட்கார வைத்துப் பரிமாறும்போது அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சாதாரணத் தண்ணீர் கேட்டு வாங்குங்கள். ரயில் நிலையத்தில் அந்தச் சலுகை யாருக்கும் இல்லை. ரயில் நீர் ஒரு லிட்டர் 2025 செப்டம்பர் 22 முதல் 14 ரூபாய். இருபது கேட்டால் கடையின் பெயரைக் குறித்துக்கொண்டு ரயில்வே உதவி எண் 139-க்கு அடியுங்கள்.