உதவி வந்தும் கூரை ஏறாத வீடுகள்

கேள்வி: வன்னியில் உதவித்திட்ட வீடுகள் சில அரைகுறையாய் நிற்பது ஏன்? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: 2009இல் இலங்கையில் போர் முடிந்தபின் இந்தியா 50,000 வீடுகளுக்கு உதவ முன்வந்தது. பெரும்பாலானவை உரிமையாளரே கட்டுபவை. புதிய வீட்டுக்கு 550,000 இலங்கை ரூபாய், தவணை தவணையாக வங்கிக் கணக்குக்கு வந்தது. அத்திவாரம் முடிந்ததைப் பார்த்த பிறகே அடுத்த தவணை. நல்ல முறைதான். ஆனால் ஊரே ஒரே நேரத்தில் கட்டினால் மணல் விலையும் மேசன் கூலியும் ஏறும். தவணைத் தொகை ஏறாது. மிச்சத்துக்கு நகை அடகுக்குப் போகும். கணவரை இழந்த பெண், சீமெந்து குழைக்கவும் கூலி கொடுக்க வேண்டும். அவருக்கும் அதே தொகை என்பது சமத்துவமே அல்ல.

இன்னொன்று, பயனாளிப் பட்டியல். யாருக்கு ஏன் கிடைத்தது என்று தெரிவுப் புள்ளிகளோடு ஊரில் ஒட்டாவிட்டால், மீண்டு வந்த அயலவருக்குள்ளேயே பகை மூளும்.